இருபது பேரின் ரத்தம்

அத்தியாயம் 14

ஊசி முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கடுகளவுதான் இருக்கும். அது விழுந்தால் காலை ஆறரை மணியிலிருந்து பார்த்த வேலை அத்தனையும் போச்சு. சந்திரலேகா மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நின்றாள்.

"இன்னா லேகா, சாமி கும்பிட்ற மாதிரி நிக்கிற? மூஞ்சே சரியில்லியே" என்றபடி பாப்பம்மாள் உள்ளே வந்தாள். கழுவிய குப்பிகளைத் தட்டோடு மேஜைமேல் வைத்தாள்.

"பேசாதீங்கக்கா. சொட்டு விழுந்துரும்."

"வுழுந்தா வுழட்டும். நேத்து என் கையிலேர்ந்து ஒரு குழா உறிஞ்சினியே, அதுல இன்னொரு சொட்டு எடுத்துக்கோ. அவ்ளோ ரத்தம் எடுத்துட்டு ஒரு முட்டைகூட வாங்கித் தரல உங்க சாரு."

வேறு நாளாக இருந்தால் சந்திரலேகா சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. பாப்பம்மாளின் ரத்தம் என்ன சொல்லப்போகிறதோ என்று அவள் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் படித்தவர்களுக்கு அந்தக் கடிதம் நினைவிருக்கும். படிக்காதவர்களுக்கும் சேர்த்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இந்த வெள்ளிக்கிழமையின் பாடு முழுவதும் அந்தக் கடிதத்தால் வந்ததுதான்.

தண்டலத்தில் நெடுஞ்சாலையைப் பார்த்த ஒரு மாடியில் இருக்கிறது கோதண்டராமனின் பரிசோதனைக்கூடம். சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் எண்ணெயையும் தின்னரையும் சோதித்துச் சான்று கொடுப்பது அன்றாடப் பிழைப்பு. அவருடைய ஆசை வேறு. இரண்டு மூன்று துளி ரத்தத்தை வைத்துக்கொண்டே அதிலுள்ள கொழுப்பு அமிலங்களை அளந்துவிட வேண்டும் என்று நாலு வருஷமாக ஒற்றைக்காலில் நின்றார். சின்னப் பிள்ளைகளிடம் குழாய் குழாயாக ரத்தம் எடுக்க முடியாதல்லவா? தொங்கும் சொட்டு முறையை அவர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தார். அதை இங்கே நடத்திக் காட்டியது, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த சந்திரலேகாவின் கை.

ரத்தத்தைச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும். மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்பதுதான் பிளாஸ்மா. அதை மருந்து சேர்த்துச் சூடாக்கி, ஒரு குப்பியில் ஊற்றி, ஊசி முனையில் கரைப்பான் சொட்டு ஒன்றை அதற்குள் தொங்கவிட வேண்டும். இருபது நிமிஷத்தில் சொட்டு, கொழுப்பைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தச் சொட்டை மெஷினில் ஏற்றினால் காகிதத்தில் சிறிதும் பெரிதுமாக மேடுகள் விழும். கடைசி மேடுதான் முக்கியம். ரொம்ப நீளமான ஒரு கொழுப்பு அமிலம் அது. நல்ல உடம்பு அதை உடைத்துத் தீர்த்துவிடும். சில ஆண் பிள்ளைகளின் உடம்புக்குப் பிறவியிலேயே அது முடியாது. சேர்ந்துகொண்டே போய் நரம்பைத் தின்னும், சிலருக்கு மூளையையும் தின்னும்.

சென்னையில் ஒரு டாக்டர், இந்த வியாதி இருக்குமோ என்று தனக்குச் சந்தேகம் வந்த பிள்ளைகளின் ரத்தத்தை இங்கே அனுப்பிவந்தார். மூன்று மாதத்தில் பதினொரு பிள்ளைகள். பதினொருவருக்கும் ‘இயல்பான அளவு’ என்றே ரிப்போர்ட் போனது. போன வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. தாம்பரத்துப் பையன் ஒருவனுக்கு வெளிநாட்டில் சோதித்துப் பார்த்தால் இரண்டரை மடங்கு இருக்கிறதாம். ‘நீங்கள் இயல்பு என்பது யாருடைய இயல்பு?’ என்று கேட்டு எழுதியிருந்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் சந்திரலேகாதான்.

புது முறைக்குப் புது அளவுகோல் வேண்டும். ஆரோக்கியமான இருபது பேரின் ரத்தத்தை அளந்து, இதுதான் இயல்பு என்று ஒரு கோடு போட வேண்டும். நாலு மாதத்துக்கு முன்பு, அந்த இருபது பேரைப் பிடிக்கும் வேலையை அவளிடம் விட்டிருந்தார் கோதண்டராமன். அவளும் யோசிக்காமல் தலையாட்டினாள். இருங்காட்டுக்கோட்டையில் தம்பி அருள்பாண்டி தங்கியிருந்த வாடகை அறைகளில் ஊர்ப் பையன்களே இருபது பேருக்கு மேல் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசியும் குழாயுமாக அவள் போய் நின்றபோது ஒருவனையும் காணோம். ரத்தத்தில் சீக்கு இருந்தால் கம்பெனிக்கு லிஸ்ட் போகும், பர்மனென்ட் ஆக்க மாட்டான் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். ஒட்டுமொத்தமாகக் காலைக் காட்சிக்குப் போய்விட்டார்கள். அருள்பாண்டி மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாத்துக்கும் சேத்து எங்கையிலயே எடுத்துக்கிடுக்கா. யாரு ரத்தமா இருந்தா என்ன, ரத்தம் ரத்தந்தான" என்று கையை நீட்டினான்.

மறுநாள் திங்கட்கிழமை. சாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவள் எடுத்தாள். ஒருவனுடைய ரத்தத்தை இருபது குப்பிகளில் பிரித்தாள். நோட்டில் இருபது பெயர்களை எழுதினாள். இருபது அளவுகளும் கிட்டக்கிட்ட வந்ததைப் பார்த்துக் கோதண்டராமன் பூரித்துப்போனார். "ஒரே தாய் வயித்துப் புள்ளைங்க மாதிரி வந்துருக்கானுங்க பாரு" என்று அவள் முதுகில் தட்டாத குறைதான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது அவர் புதிதாக ஒப்பிட்டுப் பார்க்க, நேற்று தன் கையிலிருந்தும் பாப்பம்மாள் கையிலிருந்தும் ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார்.

பதினோரு மணிக்கு முதல் காகிதம் வந்தது. கோதண்டராமனின் ரத்தம். மெஷின் ஊசி ஒவ்வொரு மேடாக வரைந்துகொண்டு போயிற்று. கடைசி மேடு வர வேண்டிய நிமிஷத்தில் கோடு லேசாகத் தலை தூக்கிப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்குப் பாப்பம்மாளுடையது. அதுவும் அப்படியே.

சந்திரலேகா பழைய கட்டிலிருந்து ஒரு காகிதத்தை உருவிப் பக்கத்தில் வைத்தாள். தம்பியின் ரத்தத்தில் அதே இடத்தில் மேடு விரல் நீளத்துக்கு எழும்பி நின்றது. தாம்பரத்துப் பையனின் காகிதத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் அச்சு அசல் ஒன்று.

ஸ்கேலை வைத்து அளந்தும் பார்த்தாள். அளவும் ஒன்றுதான்.

கோதண்டராமன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காகிதங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "இன்னாம்மா இது? இருபது பேருக்கு ஒசரமா நிக்குது, ரெண்டு பேருக்கு இல்ல. இருபது பேருக்கும் இந்த வியாதி இருக்கவே முடியாது. லட்சத்துல ஒருத்தனுக்கு வந்தா பெரிசு. நேத்து எடுத்த ரத்தத்துலதான் ஏதோ கோளாறு. இது ரெண்டையும் தூக்கிப் போடு."

அவள் நினைத்திருந்தால் அங்கேயே தப்பித்திருக்கலாம். அவரே வழி விட்டுவிட்டார். இரண்டு காகிதத்தைக் கசக்கிப் போட்டால் போதும், வேலையும் நிலைக்கும், பெயரும் நிலைக்கும். ஆனால் அந்த விரல் நீள மேடு தம்பியுடையதாயிற்றே!

"சார், அது இருபது பேர் இல்ல."

"இன்னா?"

"ஒருத்தன்தான். இருபது குப்பியும் ஒரே ஆளு ரத்தம். எங்க தம்பி."

குப்பி துடைத்துக்கொண்டிருந்த பாப்பம்மாளின் கை நின்றது. கோதண்டராமன் நோட்டை எடுத்து, அந்த இருபது பெயர்களையும் முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் படித்தார். அவர் கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பதினோரு புள்ளைங்க லேகா" என்றார். "நோயாளி ரத்தத்தை வெச்சுக்கினு, அதே மாதிரி இருக்கிறவனையெல்லாம் நல்லா இருக்கான்னு சொல்லி அனுப்பியிருக்கோம். உன்ன இன்னா பண்றதுன்னு அப்புறம் பாக்கறேன். அந்த டாக்டருக்கு இப்பவே போன் போடணும்."

அவர் போன் பேசி முடிக்கும்வரை அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பேசி முடித்தவர் திரும்பி, வேறு குரலில் கேட்டார்.

"உன் தம்பிக்கு வயசு இன்னா?"

"இருபத்தி நாலு சார்."

"கறுத்துப் போயிருக்கானா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமா சார். இந்த ஒரு வருஷத்துல ரொம்ப."

"நடை?"

"ராத்திரி ஷிப்ட்ல நின்னு நின்னு காலு மரத்துப் போச்சுன்னு சொல்லுவான்."

"இந்த வியாதி, கிட்னி மேல இருக்கிற சின்ன சுரப்பியையும் தின்னுடும். அது கெட்டா தோலு கறுக்கும். முழுசா போச்சுன்னா ஒரு ஜுரம், ஒரு அடி போதும், உடம்பு தாங்காது. அரை நாள்ல ஆளையே தூக்கிடும். முன்னாடியே தெரிஞ்சா மாத்திரை இருக்கு. நம்ம மெஷினை மட்டும் வெச்சு நான் முடிவு சொல்லக் கூடாது. ஆனா இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போ. நான் கடுதாசி எழுதித் தரேன்." எழுதிக்கொண்டே கேட்டார், "இது அம்மா வழியா வர்றது. அம்மாவுக்குப் பெரிசா ஒண்ணும் தெரியாது, ஆம்பளைப் புள்ளைங்களத்தான் அடிக்கும். அந்த வழியில ஆம்பளைங்க யார் யாரு?"

"அம்மாகூடப் பொறந்த மாமா. அவுக செத்துட்டாக. அப்புறம் தம்பி." கொஞ்சம் தயங்கினாள். "பெரியக்காவுக்கு ஒரு பையன் இருக்கான், ஏழு வயசு. அவன் நல்லாத்தான் இருக்கான் சார்."

கோதண்டராமன் கடிதத்தை மடித்துக் கொடுத்தார்.

*

இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை வாசல் வழியாகச் சீருடைகள் கும்பலாக வெளியே வந்தன. அந்தக் கும்பலில் தம்பியைக் கண்டுபிடிக்க அவளுக்கு முகம் தேவைப்படவில்லை. எல்லோரும் நடந்தார்கள், அவன் ஒருவன்தான் கால்களைப் பின்னி இழுத்துக்கொண்டு வந்தான். இத்தனை நாளும் இது எப்படித் தன் கண்ணில் படாமல் போயிற்று என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"என்னக்கா, இந்நேரத்துல? லீவா?"

"வால, உக்காந்து பேசுவோம்."

எதிரே இருந்த கடையில் அவன் எலுமிச்சை சோடா சொன்னான். கடைக்காரர் உப்புப் போட்டதும் "இன்னுங் கொஞ்சம்ணே" என்றான். அவர் மறுபடி போட்டார். அதுவும் போதாமல் அவனே டப்பாவை வாங்கி ஒரு கரண்டி போட்டுக் கலக்கினான்.

சந்திரலேகா அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை ரேகைகள் மசியில் வரைந்தது போலக் கறுத்திருந்தன. வெயில் எட்டிப் பார்க்காத பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்ப்பவனுடைய கை அது. தொட்ட கை சுட்டது.

"ஏல, மேலு காயுதே!"

"லேசாத்தான். ரெண்டு நாளா இருக்கு. மாத்திரை போட்டுட்டேன். மூணரைக்கு ஓ.டி. இருக்கு, மறுபடி உள்ள போவணும்."

ஜுரம் என்ற சொல்லைக் கோதண்டராமன் சொன்ன விதம் அவள் காதில் திரும்பக் கேட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இருபது குப்பி, தாம்பரத்துப் பையன், மேடு, சுரப்பி, ஒன்று விடாமல். அவன் சோடாவைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"திங்கக்கெழம கன்பர்மேசன் லெட்டர் குடுக்கான்" என்றான் கடைசியில். "மூணு வருசமா இதுக்குத்தான இங்க கெடந்து சாவுதேன். இன்னைக்கு ஆஸ்பத்திரில போய்ப் படுத்தம்னா சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சு போவும். மூணு நாளு பொறுக்கா."

"மூணு நாளு தாங்காதுல."

"ஒரு சொட்ட வச்சு எஞ்சாவச் சொல்லுதியா நீ?" அவன் குரல் உயர்ந்தது. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாகத் தணிந்தது. "அம்மா வழின்னா சொன்ன?"

"ஆமா."

"அப்பம் பிச்சையா மாமா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா முப்பத்தொரு வயதில் செத்தபோது இவர்கள் சின்னப் பிள்ளைகள். மாமா எப்படிச் செத்தார் என்பது ஊருக்கே தெரியும். மாமி ஞானம்மா சோற்றில் மருந்து வைத்துவிட்டாள். அப்படித்தான் இவர்களுடைய அம்மா கோமதியம்மாள் சொன்னாள். அப்படிச் சொல்லித்தான் பதினாறாம் நாள் முடிந்த கையோடு மாமியைத் தலைமுடியைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

"எம்மாட்ட கேளுக்கா" என்றான் அருள்பாண்டி. "மாமாக்கு என்னென்ன செஞ்சுதுன்னு கேளு. இதேதான்னு அவ சொல்லட்டும், நான் வாரேன். இல்லன்னா மூணரைக்கு உள்ள போயிருவேன்."

பக்கத்திலேயே எஸ்.டி.டி. பூத். அவள் உள்ளே நுழைந்து எண்ணைச் சுழற்றினாள். அருள்பாண்டி கண்ணாடிக் கதவைத் தோளால் திறந்து பிடித்துக்கொண்டு சாய்ந்து நின்றான்.

"யாரு? லேகாவா? என்னட்டி, வேல நேரத்துல கூப்புடுத?" கோமதியம்மாள் போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவாள். அடுத்த கடைக்கும் கேட்கும்.

"எம்மா, பிச்சையா மாமாவுக்குச் சாவுததுக்கு முன்ன மேலுக்கு என்ன செஞ்சுது?"

"இப்பம் எதுக்குட்டி அந்தப் பாவி பேச்சு?"

"சொல்லும்மா."

"என்னத்தச் சொல்ல! ராசா மாதிரி இருந்தவன் எந்தம்பி. அந்த மூதேவி மருந்து வச்சா. வச்ச மருந்து மேலெல்லாம் ஏறிச் சட்டி கணக்கா கறுத்துப் போனான். மருந்து உள்ள போனா அப்படித்தான். காலு ரெண்டும் பின்னிக்கிட்டு நடப்பான். எப்பப் பாரு உப்பு உப்புன்னு உப்ப நக்குவான். எந்த மனுசனாவது உப்ப நக்குவானா? கடைசில ஒரு காச்சலு வந்துச்சு பாரு, ரெண்டே நாளு. முடிஞ்சு போச்சு."

சாட்சி சொல்வது போல அம்மா ஒவ்வொன்றாக அடுக்கினாள். இருபது வருஷமாக மாமியின்மேல் போட்ட பழிக்கு அவள் காட்டிய ஆதாரம் எல்லாம் இதுதான். அந்த ஆதாரம் இப்போது பூத் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. உன் வயிற்று வழியாகத்தான் அம்மா இது வந்தது என்று எந்த வாயால் சொல்வது? தனக்குள்ளும் இது இருக்கலாம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அருள்பாண்டி எல்லாவற்றையும் கேட்டான். ஆனால் அவன் தலையை ஆட்டினான். இல்லை என்கிற ஆட்டம். "எனக்கு அம்புட்டு இல்லக்கா. நான் உப்ப நக்கவா செய்யுதேன்?" என்று முணுமுணுத்துவிட்டு வாசல் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று இருபது.

"என்னட்டி சத்தத்தக் காணோம்?" என்றாள் கோமதியம்மாள். "இந்தா, ஒங்க அக்கா மவன் இங்கனதான் நிக்கான், அவங்கிட்டப் பேசு. ஏல முப்பிடாதி! சித்தி பேசுதா, வா."

"அவன் ஏம்மா வீட்டுல இருக்கான்? பள்ளிக்கூடம் இல்லியா?"

"வாத்தியாரு மத்தியானமே அனுப்பிட்டாரு. ஒரு மாசமா இவனுக்குப் புத்தியே இங்க இல்லியாம். கூப்ட்டா கேக்க மாட்டக்கானாம். எழுதுத எழுத்தும் கோட்ட வுட்டு எங்கயோ போவுது. வீட்டாளக் கூட்டிட்டு வான்னு சொல்லிட்டாரு. ஏல முப்பிடாதி! ஒன்னத்தாம்ல!" குரல் மறுபடி போனுக்கு வந்தது. "பாரு, முதுகக் காட்டிக்கிட்டு முத்தத்துல நிக்கான். திமிரு. திரும்புதானா பாரு."

சிலருக்கு மூளையையும் தின்னும் என்பது சந்திரலேகாவுக்கு நினைவு வந்தது. "எம்மா, அவன ஏசாத. பக்கத்துல போ. பக்கத்துல போய் நின்னு கூப்புடு."

"எதுக்குட்டி?"

"போம்மா!"

போனைப் பலகைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. அம்மாவின் காலடி நகர்ந்து போனது. பிறகு தூரத்திலிருந்து அவள் குரல் வந்தது. முதலில் அதட்டலாக. அடுத்த தடவை கொஞ்சம் தணிந்து. அதற்கடுத்த தடவை அவள் கூப்பிட்டபோது அந்தக் குரலில் கோபமே இல்லை.

"முப்பிடாதி... எய்யா... ஆச்சி கூப்புடுதேன்யா..."

பதில் இல்லை.

அருள்பாண்டி ஒரு கையை நீட்டி அக்காவின் கையிலிருந்த ரிசீவரைத் தன் காதுக்கு வாங்கினான். கொஞ்ச நேரம் கேட்டான். எதிரே தொழிற்சாலையில் மூன்றரைச் சைரன் ஊதியது. ஓ.டி. பையன்கள் ஓட்டமும் நடையுமாக வாசலுக்குள் போனார்கள். எவனோ ஒருவன் "ஏல அருளு, வாறியா இல்லியால?" என்று கத்தினான்.

அருள்பாண்டி ரிசீவரை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தான்.

"எந்த ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டான். "எனக்குப் பாத்து, என்ன ஏதுன்னு தெரிஞ்சாத்தான அவனுக்கு வைத்தியம் பாக்க முடியும்? வா, வெரசாப் போவோம்."